கிம்ப் நிரல்களும் செருகுநிரல்களும்

கட்டற்ற படத்தொகுப்பு மென்பொருளான கிம்ப்பில், திரும்பத் திரும்பக் கையால் செய்யும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்க எழுதப்படுபவை. கிம்ப்பை 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கினர்.

பினாங்குத் தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலை வரை இரதத்தோடு நடந்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒரே அளவுக்குச் சுருக்கி, மூலையில் உங்கள் சங்கத்தின் பெயரைப் பொறிக்க வேண்டும். கையால் செய்தால் இரவெல்லாம் ஆகும். சிறிய நிரல் ஒன்று போதும்.

எழுத இரண்டு வழிகள் பரவலானவை: ஸ்கீம் மொழியில் அமைந்த ஸ்கிரிப்ட்-ஃபூ, பைத்தான். அடைப்புக்குறிகளை எண்ணிச் சலிப்பவர்களுக்குப் பைத்தானே நல்லது. உதவிப் பட்டியலிலுள்ள செயல்முறை உலாவியில் 'ஸ்கேல்' என்று தேடினால், படத்தைச் சுருக்கும் கட்டளையும் அதற்குத் தர வேண்டிய அகலம், உயரம் முதலியனவும் தெரியும். தொடங்க அதுவே சரியான இடம்.

2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் பழைய பைத்தான் 2 செருகுநிரல்கள் ஓடா; இணையப் பாடங்களில் பல இதனால் பயனற்றுப்போயின. இப்போது செருகுநிரல் கோப்பை அதே பெயருள்ள தனிக் கோப்புறையில் வைக்க வேண்டும். லினக்ஸில் இயக்க அனுமதியும் தர வேண்டும். இல்லையேல் பட்டியலில் அது தோன்றவே தோன்றாது. செருகுநிரல் தனிச் செயலாக ஓடுவதால், அது முறிந்தாலும் கிம்ப் பெரும்பாலும் தப்பிவிடும். மூலப் படங்கள் தப்ப, நகல்களில் மட்டுமே சோதிக்க வேண்டும்.