மூவலூர் அம்மையாரும் புருதென்சியா அயாலாவும்

கள்ளிக்குப்பம் போன்ற ஊர்களிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. 'புதுமைப் பெண்' என்றால் எல்லோருக்கும் தெரியும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் இருப்பவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் யார் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிய வேண்டும். மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில் அதே காலத்தில் வாழ்ந்த புருதென்சியா அயாலாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் இன்னும் துலங்குகிறார்.

அம்மையார் பிறந்தது 1883இல், அயாலா 1885இல். இருவருமே பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. பூர்வகுடிக் குடும்பத்தில் பிறந்த அயாலாவின் பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு முடிந்தது. தையல் வேலைதான் பிழைப்பு. அம்மையாரைச் சிறுவயதிலேயே பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தேவதாசி வீட்டில் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் வரலாறு சொல்கிறது. இருவரும் எழுதினார்கள், இருவரும் சிறைக்கும் போனார்கள். ஊர் மேயரைக் கண்டித்ததற்காக அயாலாவை 1919இல் பிடித்துப் போட்டார்கள். இந்தி எதிர்ப்புக்காக 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்த படையில் ஐம்பத்தைந்து வயது அம்மையாரும் இருந்தார். அதே ஆண்டில் சிறை சென்றார்.

1930இல் அயாலா நாட்டின் ஜனாதிபதி பதவிக்கே போட்டியிட முன்வந்தார். பெண்களுக்கு ஓட்டே இல்லாத நாடு அது. ஆண்கள் மட்டும் வைத்துக்கொள்ளும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பொது இடங்களில் நடமாடியவர். பத்திரிகைகள் பைத்தியக்காரி என்று எழுதின. சிந்தனையாளர் ஆல்பெர்ட்டோ மாஸ்ஃபெரர் போன்ற சிலரே ஆதரித்தனர். உச்ச நீதிமன்றம் வரை போயும் மனு எடுபடவில்லை. தொழிற்சங்க ஆதரவு, நிர்வாகத்தில் நேர்மை, மதுக் கட்டுப்பாடு என்று நீளும் அவருடைய திட்டத்தில் ஒன்று என்னை நிறுத்தி வைத்தது: மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கும் சட்டத்தின் அங்கீகாரம் வேண்டும் என்கிறார்.

அம்மையாரின் உலகமும் அதுதானே! தகப்பன் பேரைக் கேட்டால் வாய்மூடி நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் தாசி வீடுகளில் வளர்ந்தார்கள். 1936இல் வந்த அவருடைய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலில் மைனர்களை மொட்டையடிக்கும் தாசிகளும் உண்டு, அந்த முறையையே ஒழிக்கக் கிளம்பும் தாசிகளும் உண்டு. தன் இனத்துப் பெண்களைப் புனிதவதிகளாகக் காட்டி இரக்கம் தேட அவர் முயலவில்லை. அந்த நேர்மைக்காகவே நாவலை மதிக்கிறேன்.

துணிச்சலில் அயாலாவுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். பின்னால் நிற்க ஒரு கட்சிகூட இல்லாமல் நாட்டின் உச்சப் பதவியைக் கேட்டவர் அவர். அம்மையாருக்கு முதலில் காங்கிரஸும் பிறகு சுயமரியாதை இயக்கமும் துணை நின்றன. ஆனால் எதிராளி அரசாங்கமாக இருந்தால் ஊர் ஓரளவாவது கூட வரும். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய அம்மையாரின் எதிராளி கோயிலும் மிராசுதாரும் மட்டுமல்ல, வளர்த்த வீடும்கூட. தன் ஆட்களிடமே வசவு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை அதைவிடக் கடினமானது.

அயாலாவின் நாட்டில் பெண்களுக்கு இல்லாத ஓட்டு, சென்னை மாகாணத்தில் 1921லேயே வந்தது. ஆனால் சொத்தோ வரியோ உள்ளவர்களுக்குத்தான். அதற்காக வாதாடியவர்களும் பெரும்பாலும் படித்த, வசதியான வீட்டுப் பெண்கள். அம்மையாரின் போராட்டம் வேறு. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியபோது அவர் இருந்தார். 1950இல் இந்திய அரசியலமைப்பும் எல் சால்வடோரின் புதிய அரசியலமைப்பும் பெண்களுக்குச் சமமான வாக்குரிமையை உறுதி செய்தன. அம்மையார் அதையும் பார்த்து, 1962 வரை வாழ்ந்தார். அயாலாவுக்கு அது கிடைக்கவில்லை. அம்மையாரின் நாவல் வந்த 1936லேயே அவர் இறந்துபோனார்.