நலமாயிருந்த கடலின் கணக்கு



கடல் சார்ந்த தொழில்கள் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவன மீன்பிடித்தல், கப்பலோட்டுதல், துறைமுகப் பணி, கடற்படை ஆகியவையே. இவற்றின் வரிசையில் இன்று இன்னொரு தொழிலும் வளர்ந்து நிற்கிறது. கடல்நீரின் நிலையை அளப்பது, கடலடி மண்ணைச் சோதிப்பது, கரையோர உயிர்களை எண்ணிக் கணக்கிடுவது, கழிவோ எண்ணெயோ கலந்தால் அதன் விளைவை மதிப்பிடுவது ஆகியவை அத்தொழிலின் வேலைகள். கடற்சூழல் தொழில்நுட்பம் என்னும் பெயரில் பல நாட்டுக் கல்லூரிகள் இதைப் பாடமாகவே வைத்திருக்கின்றன. இதைக் கற்கும் மாணவர் உண்மையில் எதைக் கற்கிறார்? அக்கல்வியால் கடலுக்கு என்ன பயன்? இவ்விரு கேள்விகளுக்கும் வரலாற்றின் வழியாக விடை காண முயல்கிறேன்.

1872ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறையிலிருந்து சேலஞ்சர் என்ற கப்பல் புறப்பட்டது. அது ஒரு போர்க்கப்பல். ஆயினும் அதன் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுக்கூடங்களை அமைத்திருந்தார்கள். வைவில் தாம்சன் என்ற பேராசிரியரின் தலைமையில் ஒரு சிறு விஞ்ஞானிகள் குழு அதில் சென்றது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் அக்கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி வந்தது. 68,000 கடல் மைலுக்கு மேல் பயணம் செய்து 1876 மே மாதம் தாயகம் திரும்பியது.

அப்பயணத்தில் வீரச் செயல்கள் அதிகமில்லை. கப்பல் 362 இடங்களில் நின்றது. ஒவ்வோர் இடத்திலும் கயிற்றை இறக்கி ஆழத்தைப் பார்த்தார்கள். அடிமண்ணில் சிறிது எடுத்தார்கள். பல ஆழங்களில் வெப்பநிலையைக் குறித்தார்கள். குப்பிகளில் நீரை முகந்தார்கள். வலையை இழுத்து, வந்த உயிர்களைப் பாதுகாத்தார்கள். பிறகு அடுத்த இடத்துக்குச் சென்று அதையே மறுபடி செய்தார்கள். மாலுமிகளில் பலர் இந்த வேலையில் சலிப்புற்றார்கள் என்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சலிப்பூட்டும் வேலையிலிருந்து 50 தொகுதிகள் கொண்ட அறிக்கை பிறந்தது. அதன் கடைசித் தொகுதி வெளிவந்த ஆண்டு 1895.

அக்கப்பலில் இருந்த ரசாயன அறிஞர் புக்கானன் பல கடல்களின் நீரைச் சேகரித்துக் கொண்டுவந்தார். அவற்றில் 77 மாதிரிகளை டிட்மார் என்ற அறிஞர் நுட்பமாகச் சோதித்து, 1884ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். கடல்நீரில் உப்பு ஓரிடத்தில் கூடலாம், ஓரிடத்தில் குறையலாம். ஆயினும் அதில் அடங்கிய முக்கியமான உப்புப் பொருள்கள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் திறந்த கடலெங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பது அதனால் உறுதிப்பட்டது. எனவே ஒரு பொருளை அளந்தால் மற்றவற்றைக் கணக்கிட்டுவிடலாம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கடல் என்னும் பெரும் பானைக்கு அந்தப் பதத்தைக் கண்டு தந்தது இந்த ஆராய்ச்சி.

அளவை முறைகள் வளர்ந்த கதையில் இளைஞர்களுக்கும் பங்குண்டு. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அளக்கும் முறையை 1888ஆம் ஆண்டில் வெளியிட்டவர் வின்க்லர் என்ற ஹங்கேரியர். அப்போது அவருக்கு வயது 25. மாங்கனீசு உப்பும் காரமும் சேர்த்தால் நீரில் பழுப்பு நிற வண்டல் உண்டாகும். அதிலிருந்து தொடங்கிச் சில படிகளில் பிராணவாயுவின் அளவைக் கண்டறியும் இம்முறையை இன்றும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் செய்து பழகுகிறார்கள். பிராணவாயு குறைந்த நீரில் மீன் வாழாது. ஆகவே ஒரு கழிமுகத்தின் உடல்நிலையை அறிய விரும்புவோர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று இந்த அளவே.

ஒருவர் அளந்ததை மற்றொருவர் நம்ப வேண்டுமானால் இருவருடைய அளவுகோலும் ஒன்றாக இருக்க வேண்டும். 1902ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கடலோர நாடுகள் சில சேர்ந்து, கடலை ஆராய்வதற்கென ஒரு பன்னாட்டுக் கழகத்தைக் கோபன்ஹேகனை இருப்பிடமாகக் கொண்டு அமைத்தன. டென்மார்க்கின் க்னூட்சன் என்ற அறிஞர் உப்புத்தன்மையைக் கணக்கிடும் அட்டவணைகளை 1901ஆம் ஆண்டிலேயே தந்திருந்தார். உப்பின் அளவு திட்டமாகத் தெரிந்த கடல்நீரைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, முத்திரையிட்டு, பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பும் வழக்கமும் ஏற்பட்டது. கடைக்காரரின் படிக்கற்களுக்கு அரசாங்க முத்திரை எப்படியோ, கடல் ஆய்வுக்கு இந்த நியமக் கடல்நீர் அப்படி.

அளவுகோல் கிடைத்துவிட்டது. இனி ஒரே கடலை ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க ஆட்கள் வேண்டும். இந்தக் கடமையை ஏற்ற நிலையங்களுள் ஒன்று இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள பிளிமத் ஆய்வுக்கூடம். இதை நிறுவிய கடல் உயிரியல் சங்கம் 1884ஆம் ஆண்டில் தோன்றியது. சங்கத்தின் முதல் தலைவர் புகழ்பெற்ற ஹக்ஸ்லி. பெருங்கடல் மீன்வளத்தை மனிதர் பிடித்துத் தீர்த்துவிட முடியாது என்று அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர் ஒரு கண்காட்சியில் பேசியிருந்தார். அக்கருத்து சரியா தவறா என்று சொல்லப் பேச்சு போதாது, கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத் தேடும் நிலையத்துக்கும் அவரே தலைமை தாங்க நேர்ந்தது வரலாற்றின் விசித்திரம்.

பிளிமத் ஆய்வுக்கூடம் 1888ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறைகளில் அங்கே வந்து, கரையில் இறங்கி, உயிர்களை இனங்காணப் பயின்றார்கள். கரைக்கு அப்பால் கடலில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, 1903ஆம் ஆண்டு முதல் ஆய்வாளர்கள் அங்கே போய் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து வந்தார்கள். போர்கள் முதலியவற்றால் இடையிடையே தடைகள் நேர்ந்தபோதிலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. சுற்றுப்புறப் பாறைகளில் எந்த உயிர் எவ்வளவு இருக்கிறது என்றும் எண்ணி வைத்தார்கள். இந்த எண்களால் என்ன பயன் என்று அக்காலத்தில் எவரேனும் கேட்டிருந்தால் உடனே விடை சொல்வது கடினமாகவே இருந்திருக்கும்.

விடை 1967ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் வந்தது. குவைத்திலிருந்து ஏறத்தாழ 1,19,000 டன் கச்சா எண்ணெயை ஏற்றி வந்த டோரி கேன்யன் என்னும் பெருங்கப்பல், இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையிலுள்ள பாறைத்திட்டில் மோதியது. அத்தகைய பெருவிபத்தை அதுவரை எந்த நாடும் கண்டதில்லை. எண்ணெய் கார்ன்வால் கரையில் அடித்தது. பிறகு கடலைக் கடந்து பிரான்சின் கரையையும் தொட்டது. கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. எஞ்சிய எண்ணெயை எரித்துவிட எண்ணி, விமானங்கள் அக்கப்பலின்மீது குண்டு போட்டன.

கரையில் இன்னொரு போர் நடந்தது. எண்ணெயைக் கலைப்பதற்கென்று ஏறத்தாழ 10,000 டன் சலவைத் திரவங்களைக் கடலிலும் மணலிலும் பாறையிலும் கொட்டினார்கள். அவை பெரும்பாலும் யந்திரங்களிலும் எண்ணெய்த் தொட்டிகளிலும் படிந்த பிசுக்கை நீக்குவதற்காகச் செய்யப்பட்டவை. ராணுவத்தினரும் ஊர்மக்களும் இரவு பகலாக உழைத்தார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எவரும் குறை காண முடியாது. கோடை விருந்தினர் வருவதற்குள் கரை வெளுக்க வேண்டும் என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. கரையும் பார்வைக்கு வெளுத்தது.

பிளிமத் ஆய்வுக்கூடத்தார் தம் வழக்கமான வேலைகளை நிறுத்திவிட்டு, அனைவரும் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார்கள். பாறைகளில் கூம்பு போன்ற ஓட்டுடன் இறுகப் பற்றி வாழும் சிறு நத்தையினம் ஒன்று உண்டு. எண்ணெய் மட்டும் படிந்த இடங்களில் அவற்றுள் பல பிழைத்திருந்தன. எண்ணெய் படிந்த பாசியையே மேய்ந்தன. சலவைத் திரவம் பட்ட இடங்களிலோ அவை கூட்டங்கூட்டமாக இறந்து விழுந்தன. மேய்வதற்கு உயிர் இல்லாத பாறைகளில் பச்சைப் பாசி மண்டியது. திரவத்தில் கலந்திருந்த கரைப்பான்கள் எண்ணெயைவிடக் கொடிய நஞ்சு என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. இம்முடிவுகளை 1968ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள்.

ஆண்டுகள் பல கழிந்தபின் பார்த்தபோது உண்மை இன்னும் தெளிவாயிற்று. திரவம் தெளிக்கப்படாத பாறைக்கரை இரண்டு மூன்று ஆண்டுகளில் தேறியது. மிகுதியாகத் தெளிக்கப்பட்ட கரைகள் பழைய நிலையை அடையப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆயின. நோயைவிட மருந்தே அதிகக் கேடு செய்தது.

இதை அவர்களால் எப்படிச் சொல்ல முடிந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. விபத்துக்கு முன்பே அந்தக் கரை அவர்களுக்குத் தெரியும். எந்தப் பாறையில் என்ன உயிர் வாழ்ந்தது, எந்தப் பருவத்தில் கூடியது, எந்தப் பருவத்தில் குறைந்தது என்ற குறிப்புகள் அவர்களிடம் இருந்தன. நலமாயிருந்தபோது நாடி பார்த்துப் பழகிய வைத்தியரே நோயாளியின் மாறுதலை உணர்வார். கடலுக்கும் அதே நியதி. நலமாயிருந்த நாளின் கணக்கு இல்லாவிட்டால், கெட்ட நாளில் எவ்வளவு கெட்டது என்று சொல்ல இயலாது. இழப்புக்கு ஈடு கேட்கும் மீனவருக்காகச் சான்று கூறவும் இயலாது.

சேலஞ்சர் கப்பலின் பழங்குறிப்புகளும் இதே பாடத்தைச் சொல்கின்றன. அக்கப்பல் குறித்த வெப்பநிலைகளைத் தற்காலக் கருவிகளின் அளவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் கடலின் மேற்பரப்பு சராசரியாக ஏறத்தாழ 0.6 சென்டிகிரேடு வெப்பமடைந்திருப்பதை அது காட்டியது. கயிற்றைப் பிடித்துச் சலித்த மாலுமிகள் இப்படி ஒரு கேள்வி எழும் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். நேர்மையாக எழுதி வைத்த எண், தனக்குரிய கேள்வி வரும்வரை காத்திருக்கும்.

டோரி கேன்யன் விபத்துக்குப் பிறகு உலகம் விழித்துக்கொண்டது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தம் 1973ஆம் ஆண்டில் உருவாகி, 1978ஆம் ஆண்டில் திருத்தம் பெற்று, 1983ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தால் அது மீறப்படுகிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். கடற்சூழல் கல்வியின் தேவை இவ்வாறு பெருகியது. இன்று அதைக் கற்கும் மாணவர் படகைக் கையாளவும், நீரையும் அடிமண்ணையும் கெடாமல் எடுக்கவும், கருவிகளைச் சரிபார்க்கவும், நீருக்கடியில் செல்லும் யந்திரங்களை இயக்கவும், கிடைத்த எண்களைப் புள்ளியியல் முறையில் ஆராயவும் பயில்கிறார். கருவிகள் மாறிவிட்டன. ஆனால் சேலஞ்சரின் மேல்தளத்தில் தொடங்கிய பழக்கம் மாறவில்லை: அளந்ததை அளந்தபடியே எழுது, அடுத்த முறையும் அதே விதமாக அள.

நம் நாட்டிலும் இதற்கு வழியுண்டு. 1960களின் முற்பகுதியில் நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில் நம் விஞ்ஞானிகள் பங்கேற்றார்கள். அதன் பயனாக 1966ஆம் ஆண்டில் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றி, கோவாவில் நிலைபெற்றது. தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் 1993ஆம் ஆண்டில் சென்னையில் அமைந்தது. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயிற்சி அளித்திருக்கிறது.

இக்கல்வி நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் காட்டியது. எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் சென்னைக் கரைகளில் ஒதுங்கியது. மீனவரும் கடலோரக் காவற்படையினரும் மாணவர்களும் வாளிகளில் அந்தக் கசடை அள்ளினார்கள். ஆர்வத்துக்கும் உடல் உழைப்புக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் எண்ணெயை அள்ளி முடித்தபின் எழும் கேள்விகளுக்கு வாளி விடை சொல்லாது. எந்த உயிர் குறைந்தது? எந்த உயிர் திரும்பியது? மீனவர் வலைக்கு நேர்ந்த நட்டம் எவ்வளவு? முந்தைய ஆண்டுகளில் அதே கரையில் எண்ணி வைத்தவர்கள் இருந்தால்தான் இவற்றுக்கு விடை கிடைக்கும்.

ஆகவே இப்படிப்பில் சேர எண்ணும் இளைஞர்களுக்கு நான் கூற விரும்புவது ஒன்றே. இத்தொழிலில் பெரும்பாலான நாட்கள் அமைதியான நாட்கள். சேறும் உப்புக்காற்றும் குறிப்பேடும் அன்றாடத் துணைகளாக இருக்கும். அந்த நாட்களில் ஏதும் நிகழவில்லை என்று நினைத்துக் குறிப்பைத் தவறவிட வேண்டாம். ஏதும் நிகழாத நாளில் ஒரு கழிமுகத்தில் எத்தனை பிராணவாயு இருந்தது, ஒரு பாறையில் எத்தனை கொட்டலசு ஒட்டியிருந்தது என்று இன்று நீங்கள் எழுதி வைக்கும் வரியே, பின்னொரு நாள் அந்தக் கடலுக்காகவும் அதை நம்பி வாழும் மக்களுக்காகவும் சாட்சி சொல்லும்.