இப்னு பதூதா கண்ட மதுரை

ஸ்பெயினின் கிரனாடா நகர் சென்று மீண்டோர் அல்ஹம்ரா மாளிகையை வியந்துரைக்கக் கேட்டிருக்கிறோம். 1350-ஆம் ஆண்டளவில் அந்நகர் சென்ற இப்னு பதூதா, அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் நம் மதுரையையும் கண்டவர். அகன்ற தெருக்களையுடைய பெருநகர் என்றும், தம் மாமனார் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா அதனை டில்லியைப் போல் அமைத்தார் என்றும் தமது ‘ரிஹ்லா’வில் வரைகிறார்.

அல்ஹம்ரா இன்றும் நிற்கிறது. மதுரையிலோ, 1335 அளவில் எழுந்து அரை நூற்றாண்டும் நிலைக்காத அந்த ஸுல்தான்களின் மாளிகையென்று காட்ட ஒரு சுவரும் இல்லை. பின்வந்த திருமலை நாயக்கர் மஹாலிலேயே எஞ்சியது ஒரு பகுதிதான். கோட்டை மதிலும் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் பெரும்பாலும் இடிபட்டு, அவ்விடம் வெளி வீதிகளாயிற்று.

ஆகவே நமக்கு மிஞ்சிய மாளிகை அந்த அறபு நூலே. அதிலும் டில்லி உவமையை மேடைதோறும் எடுத்துரைக்கும் நம்மவர், அருகிலுள்ள செய்தியை விட்டுவிடுகின்றனர். ஸுல்தான் கியாதுத்தீன் சிறைப்பட்ட இந்துக்களைப் பெண்டிர், பிள்ளைகளோடு கொன்றதைக் கண்ணுற்ற இப்னு பதூதா, அதனை வெட்கத்துக்குரிய செயலென்றும், வேறெந்த அரசரிடமும் தாம் அறியாததென்றும் கண்டிக்கிறார். அந்த ஸுல்தானோ அவருக்குச் சகலை. அவர் உண்டதும் அவருடைய விருந்தையே!

மாணவர்க்கு இந்நூலை ஓதிக் கொடுக்கையில், அந்தப் பக்கத்தை நாமும் ஒரு காலத்தில் விரைந்து கடந்ததுண்டு. இப்பொழுது கடப்பதில்லை.