ஒரு கூடம், ஓர் ஆசிரியர்

ரெம்பாவ் வட்டாரத்தின் நெல்வயல்களைக் கடந்தால், பெடாஸ், செம்போங் பகுதிகளின் மேட்டு நிலங்களில் ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கும். மலாயாவின் இத்தகைய தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணமாகும். 7 முதல் 14 வயதுக்குட்பட்ட ஓரினப் பிள்ளைகள் 10 பேர் குடியிருப்பின் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி எனில் பெரும்பாலும் ஒரு கூடம்; ஓர் ஆசிரியர். கங்காணியோ கிராணியோ அப்பணியையும் சேர்த்துப் பார்த்த தோட்டங்கள் உண்டு.

அக்கூடத்தில் வயதும் வகுப்பும் ஒத்துப் போகவில்லை. விடியலில் பெற்றோருடன் பால்மரக் காட்டிற்குச் சென்று திரும்பிய பிள்ளை, பத்து வயதில் அகரம் தொடங்குவதும் உண்டு. ஒரு வரிசைக்குக் கணக்கு. மறு வரிசைக்கு வாசிப்பு. இளையோருக்குச் சட்டாம்பிள்ளை துணை. வேறு வழியின்றியே ஆசிரியர் அவரவர் நிலைக்கேற்பக் கற்பித்தார்.

இதன் வேர் தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் உள்ளது. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் அநாதைச் சிறுவர்க்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். அவர் அதுபற்றி 1797இல் வெளியிட்ட நூலின் வழி, 'மதராஸ் முறை' இங்கிலாந்திலும் பரவியது. நம் திண்ணை அங்கே பாடம் சொன்னது என்பதை நம்மவர் பலர் அறியார்!

ஆயினும் பழைய கூடத்தைப் பொற்காலம் எனல் பொருந்தாது. காது மந்தமான பிள்ளையும், கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளையும் 'மக்கு' எனப் பெயர் பெற்றனர். பின்வரிசையிலிருந்து அவர்கள் சென்ற இடம் பெரும்பாலும் பால்வெட்டு நிரைதான்.

விடுதலைக்குப் பின் பொதுப் பாடத்திட்டம் வந்தது. வயதுவாரி வகுப்புகள் வலுப்பெற்றன. ஒரு வகுப்புக்கு ஒரே பாடம் என்றாயிற்று. 1983இல் நாடெங்கும் தொடங்கிய தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டமே குழுமுறையை மீட்டது. குறைநீக்கல், வளப்படுத்தல் என்னும் சொற்களையும் ஆசிரியர்க்கு வழங்கியது. மேசை வரிசைகள் கலைந்து குழுக்களாயின.

குழுவாக அமர்த்துவது தோட்டத்து ஆசிரியர்க்குப் புதிதன்று. இடறும் இடத்தைத் தேடுவதே புதிது. 'பள்ளி'யைப் 'பல்லி' என எழுதும் பிள்ளைக்கு நூறு முறை எழுதும் தண்டனை தருவது பழைய வழக்கம். அவ்விரு ஒலிகளும் அதன் காதில் வேறாக விழுகின்றனவா, அவ்விரு வரிவடிவங்களும் அதன் கண்ணுக்கு வேறாகத் தெரிகின்றனவா என முதலில் சோதிப்பதே குறைநீக்கல்.