ஊட்டும் கையும் உணவும்: வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள இளங்குழந்தைகளின் வளர்ச்சி

பெற்றோரிடமிருந்து பிரிய நேர்ந்த குழந்தையை வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்கும்போது அரசு இரண்டு கணக்குகளைத் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. உணவு, எடை, தடுப்பூசி ஆகியவை சுகாதாரத்தின் பாற்பட்டவை. பாசம், பழக்கம், பாதுகாப்பு ஆகியவை சமூக நலத்தின் பாற்பட்டவை. நிர்வாக வசதிக்காக ஏற்பட்ட இந்தப் பிரிவினை குழந்தையின் உடலுக்குப் பொருந்தாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உணவைத் தருபவர் யார், எப்படித் தருகிறார், எத்தனை காலம் தொடர்ந்து தருகிறார் என்பவை தட்டில் இருக்கும் உணவின் அளவைப் போலவே வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே வளர்ப்புக் குடும்பம் நிலைத்திருப்பதையும் ஊட்டுபவரின் பக்குவத்தையும் ஊட்டச்சத்துத் திட்டத்தின் உறுப்புகளாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான பழைய சான்று போருக்குப் பிந்தைய ஜெர்மனியிலிருந்து கிடைக்கிறது. பிரிட்டிஷ் ஊட்டச்சத்து அறிஞர் எல்சி விடோசன் 1948இல் அங்கே இரண்டு அநாதை இல்லங்களின் குழந்தைகளைத் தொடர்ந்து எடைபோட்டு வந்தார். முதல் ஆறு மாதங்கள் இரண்டு இல்லங்களுக்கும் ஒரே பங்கீட்டு உணவு. பிறகு ஓர் இல்லத்துக்கு மட்டும் கூடுதலாக ரொட்டியும் ஜாமும் ஆரஞ்சுச் சாறும் தரப்பட்டன. அந்த இல்லத்தின் எடை முந்தியிருக்க வேண்டும், பிந்தியது. கூடுதல் உணவு தொடங்கிய அதே வேளையில் அங்கே பொறுப்பேற்ற மேற்பார்வையாளர் கடுமையானவர். குழந்தைகளை எல்லார் முன்னிலையிலும் கண்டிப்பதற்குச் சாப்பாட்டு நேரத்தையே தேர்ந்தெடுத்தார். அவர் பேசி முடிப்பதற்குள் சூப் ஆறிப்போகும்; சில குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும். அவர் முன்பு இருந்த மற்ற இல்லத்திலோ, அவர் போனபின் கூடுதல் உணவு ஏதும் இல்லாமலே வேகமாக எடை கூடியது. அவர் தம்மோடு அழைத்துவந்த செல்லக் குழந்தைகள் மட்டும் புதிய இல்லத்தில் நன்றாக வளர்ந்தார்கள். 1951இல் லான்செட் இதழில் விடோசன் இதை வெளியிட்டார்.

இந்தச் சான்றை அப்படியே ஏற்க முடியாது என்ற மறுப்பு நியாயமானது. இரண்டே இல்லங்கள், பெரும்பாலும் பள்ளி வயதுக் குழந்தைகள், மேற்பார்வையாளரின் இடமாற்றம் தற்செயலாக நேர்ந்தது, திட்டமிட்ட சோதனை அல்ல. அரை நூற்றாண்டுக்குப் பின்பே இந்தக் குறை நீங்கியது. ருமேனியாவில் ஆட்சியாளர் சௌசெஸ்குவின் 1966ஆம் ஆண்டு ஆணை கருக்கலைப்பைத் தடைசெய்தது. அந்த ஆட்சி 1989இல் வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் புக்கரெஸ்டில் நடத்திய ஆய்வில், 6 முதல் 31 மாத வயதுடைய 136 குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றனர். மற்றவர்களுக்கு வழக்கமான இல்லப் பராமரிப்பு தொடர்ந்தது. குழந்தைகளைக் குலுக்கலில் பிரிப்பது சரியா என்ற கேள்வி எழுந்தது, எழ வேண்டியதும்தான். நகரில் வளர்ப்புக் குடும்பங்களே அநேகமாக இல்லாத நிலையில் ஆய்வாளர்கள் புதிதாக உருவாக்கிய இடங்கள் அவை என்பதையும், இல்லத்தில் இருந்த எந்தக் குழந்தைக்கும் பின்னர் குடும்பம் கிடைத்தால் ஆய்வு குறுக்கே நிற்காது என்று முன்பே முடிவுசெய்திருந்ததையும் அதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

டேனா ஜான்சனும் உடனுழைத்தோரும் 2010இல் வெளியிட்ட உடல் வளர்ச்சி முடிவுகள் நம் வாதத்துக்கு மையமானவை. குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகள் 12 மாதங்களுக்குள் உயரத்தில் அனைவரும், எடையில் பத்தில் ஒன்பது பேரும் இயல்பான வரம்புக்குள் வந்துவிட்டனர். உயரம் மீண்ட அளவுக்கு மொழிசார் நுண்ணறிவு ஈவும் உயர்ந்தது. தலைச் சுற்றளவு மட்டும் அப்படி மீளவில்லை. இங்கே ஒருவர் கேட்கலாம்: குடும்பங்களில் உணவு மேலாக இருந்திருக்கும், அதனால் வளர்ந்தார்கள், இதில் பாசத்துக்கு என்ன வேலை? உணவின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் குழந்தையின் குறிப்பறிந்து நடந்துகொண்ட, குழந்தையிடம் மகிழ்ச்சி காட்டிய பராமரிப்பாளரிடமே மீட்சி அதிகமாக இருந்தது. நன்றாக வளரும் குழந்தை பராமரிப்பவரின் அன்பைக் கூடுதலாகப் பெறும் என்று காரணத்தைத் தலைகீழாகவும் படிக்கலாம். இந்தத் தொடர்பு ஒன்றை மட்டும் வைத்து அந்த வாசிப்பை விலக்க முடியாது. விலக்க உதவுவது வேறொரு தொகுதி. ருமேனிய இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளை மைக்கேல் ரட்டரின் குழு தொடர்ந்து பார்த்துவந்தது. வந்து சேரும்போது எடை குறையாதிருந்தவர்களிடமும், இல்லத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கழித்திருந்தால், தலை சிறுத்தும் அறிவுத்திறன் பின்தங்கியும் இருந்தன. வயிறு நிறைந்திருந்தும் இழப்பு நேர்ந்திருக்கிறது.

உடலுக்குள் இது நடக்கும் வழியும் ஓரளவு தெரிந்ததே. அமெரிக்காவில் பவல், பிரேசல், பிலிசார்ட் ஆகிய மருத்துவர்கள் 1967இல் விவரித்த 13 குழந்தைகள் வீட்டில் வளராமல் நின்றுபோனவர்கள்; வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்றே முதலில் தோன்றியது. சூழலை மாற்றி மருத்துவமனையில் வைத்ததும், ஹார்மோன் ஏதும் கொடுக்காமலே வளரத் தொடங்கினர். குப்பைத் தொட்டியில் உணவு தேடுவதும் அளவின்றி உண்பதும் அவர்களிடம் காணப்பட்டன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த 4 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் டாரன்-ஸ்வீனி நடத்திய ஆய்வில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடம் உணவை ஒளித்துவைத்தல், மிகையாக உண்ணல் போன்ற கவலைக்குரிய பழக்கங்கள் தெரிந்தன. தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டைப் பதுக்கும் குழந்தையை வளர்ப்புத் தாய் திருட்டுக்காகக் கண்டித்தால், ஜெர்மன் இல்லத்தின் சாப்பாட்டு மேசைதான் அங்கே மறுபடி அமைகிறது. அடுத்த வேளை உணவு உறுதி என்று அந்தக் குழந்தை இன்னும் நம்பவில்லை. அதை நம்பவைப்பது வேளை தவறாமல் உணவு வருவதும், கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் பழமோ பிஸ்கட்டோ இருப்பதும்தான். பராமரிப்புப் பயிற்சிகளில் இது முதல் நாளிலேயே இடம்பெற வேண்டிய பாடம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை காத்திருக்கிறது. அன்பான குடும்பம் கிடைத்துவிட்டது, இனி மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்ற எண்ணம் ஆபத்தானது. கிழக்கு ஐரோப்பிய இல்லங்களிலிருந்து அமெரிக்கக் குடும்பங்களுக்கு வந்த குழந்தைகளிடம், வேகமாக வளர்ந்தவர்களின் இரும்புச்சத்துச் சேமிப்பு முதல் ஆறு மாதங்களில் குறைந்ததாகக் கண்டறியப்பட்டது. புதிய தசையும் இரத்தமும் உருவாக இரும்பு செலவாகிறது. சாப்பாட்டில் வருவது அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. எடை ஏறுவதைப் பார்த்து எல்லாரும் மகிழ்ந்திருக்கும் மாதங்களில்தான் மூளைக்கு வேண்டிய இரும்பு தீர்ந்துகொண்டிருக்கலாம். குடும்பத்தில் சேர்க்கும்போது ஒருமுறை செய்யும் இரத்தப் பரிசோதனை போதாது, ஆறு மாதத்துக்குப் பின் மறுபடியும் செய்ய வேண்டும்.

ஏழை நாடுகளுக்கு இதெல்லாம் ஆடம்பரம், முதலில் சோறு, பிறகு மற்றவை என்பார்கள். இந்த மறுப்பின் பின்னால் உண்மையான பசி இருக்கிறது, ஆகவே எளிதில் ஒதுக்கக் கூடாது. ஆனால் இதற்கான பதில் ஓர் ஏழை நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம்-மெக்கிரெகர் குழுவினர், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலருக்கு வாரம் ஒரு கிலோ பால் சார்ந்த மாவு கொடுத்தனர். சிலருக்குச் சமூகச் சுகாதார உதவியாளர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, தாய்க்குக் குழந்தையோடு விளையாடக் கற்றுக்கொடுத்தார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. இரண்டாண்டு முடிவில் இரண்டுமே அறிவு வளர்ச்சியைக் கூட்டின. இரண்டும் சேர்ந்தபோது பயன் மிகுந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்ற பிரிவின் வருமானம் சுமார் 25 விழுக்காடு கூடியிருந்தது. மாவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நிலைத்த பயன் தெரியவில்லை. இவர்கள் சொந்தத் தாய்மாரிடம் வளர்ந்த குழந்தைகள். சொந்தத் தாயோடு இருந்த குழந்தைக்கே மாவு மட்டும் போதவில்லை என்றால், தாயைப் பிரிந்த குழந்தைக்குப் போதும் என்று எதை வைத்துச் சொல்வது?

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆம் பிரிவில் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடமளிக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டம் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் ஒதுக்குகிறது. இன்னொரு பக்கம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான குழந்தைகளுக்கு அங்கன்வாடி துணை உணவு தருகிறது, எடையும் பார்க்கிறது. பணமும் மாவும் ஏற்கெனவே இருக்கின்றன. இவற்றை இணைப்பதே தேவை. அங்கன்வாடிப் பணியாளர் பதியும் எடையும் உயரமும், வளர்ப்புக் குடும்பத்தை ஆராயும் குழந்தைகள் நலக் குழுவின் கோப்பில் இருக்க வேண்டும். எடைக் கோடு தட்டையாகும்போது, என்ன சாப்பிடுகிறது என்பதோடு நிற்காமல், யார் ஊட்டுகிறார், அண்மையில் ஆள் மாறினாரா, சாப்பிடும்போது வீட்டில் என்ன நடக்கிறது என்றும் விசாரிக்க வேண்டும். அப்போது எழும் முதல் யோசனை, குழந்தையை வேறு குடும்பத்துக்கு மாற்றலாம் என்பதாகவே இருக்கும். கொடுமையோ புறக்கணிப்போ நடந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அப்படி இல்லாதபோது அது கடைசி வழியாக இருக்கட்டும். புக்கரெஸ்ட் குழந்தைகளை 12 வயதில் பார்த்தபோது, முதல் வளர்ப்புக் குடும்பத்திலேயே நீடித்தவர்களின் நுண்ணறிவு ஈவு இடம் மாறியவர்களைவிட உயர்ந்திருந்தது. இருக்கும் வளர்ப்புத் தாய்க்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து கைகொடுக்கும் ஒருவரை அனுப்புவது இடமாற்றத்தைவிடச் செலவு குறைந்தது; மாற்றியே தீர வேண்டுமென்றால், அந்தக் குழந்தை எதை விரும்பி உண்ணும், எதை மறுக்கும், யார் மடியில் அமர்ந்து உண்டது, எதை எங்கே ஒளித்துவைக்கும் என்ற ஒரு பக்கக் குறிப்பும் அதனுடன் புதிய வீட்டுக்குச் செல்ல வேண்டும்.