பெற்றோர் ஒப்புதலும் தளத்தின் கடமையும்

சமூக வலைத்தளங்களில் குழந்தைகளைக் காக்க 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 9-ஆம் பிரிவை ஒதுக்கியிருக்கிறது. 18 வயது நிரம்பாத அனைவரும் இச்சட்டத்தின்படி குழந்தைகளே. சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் அவர்களின் தரவைக் கையாளக் கூடாது என்கிறது முதல் உட்பிரிவு. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது மூன்றாம் உட்பிரிவு. மீறும் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம். இவற்றில் காக்கும் வலு மூன்றாம் உட்பிரிவுக்கே உண்டு. முதல் உட்பிரிவு அந்த வலுவையும் கரைத்துவிடுகிறது என்பது என் வாதம்.

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளில், ஒப்புதல் பெறும் முறையை விளக்க 10-ஆம் விதி நான்கு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. இரண்டில் குழந்தையே தன்னைக் குழந்தை என்று தளத்திடம் தெரிவிக்கிறது. மற்ற இரண்டில் பெற்றோர் தெரிவிக்கிறார். ஒருவருமே தெரிவிக்காத நிலைக்கு எடுத்துக்காட்டு இல்லை. நடப்பில் மிகுதியாக இருப்பதோ அந்த நிலைதான். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கும் சிறுமி, தளத்தின் பதிவேட்டில் வயது வந்த பெண்ணாகிவிடுகிறாள். அந்தக் கணத்திலேயே மூன்றாம் உட்பிரிவின் காப்பும் அவளை விட்டு விலகிவிடுகிறது. ஒப்புதல் கேட்கும் வாசல் எவ்வளவு கடினமோ, பொய் சொல்லி நுழையும் தூண்டுதலும் அவ்வளவு. 13 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்கி 1998-இல் அமெரிக்கா சட்டம் இயற்றிய பிறகு, பெரிய தளங்கள் பலவும் 13 வயதை நுழைவு எல்லையாக வைத்தன; குழந்தைகள் வயதைக் கூட்டி எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

நம் வீடுகளின் நிலைமையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அம்மாவின் போனில் செயலியை ஏற்றித் தருவதும், வரும் ஓடிபி எண்ணைப் பார்த்துச் சொல்வதும் பிள்ளைதான். அந்த ஒப்புதலை உண்மையில் யார் தருகிறார்கள்? இதைவிடக் கவலை தருவது வேறொன்று. மின்னணு வழியில் குழந்தையை விடாமல் தொடர்புகொள்வதும், போலியாக உருவாக்கிய படத்தைக் காட்டி மிரட்டுவதும் பாலியல் நோக்கத்தோடு நடந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். 1098 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் தொடங்கிய கணக்கில் மிரட்டலுக்கு ஆளான பிள்ளை, வெளியே சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சி வாய்திறப்பதில்லை. மிரட்டுபவனுக்கு இந்த மௌனமே முதல். ஒப்புதல் முறை இந்த ஒளிவை ஆழமாக்குகிறது.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, ஓராண்டு அவகாசம் தந்த அதன் குழந்தைகளுக்கான வடிவமைப்பு நெறிமுறை, குழந்தைகள் வரக்கூடிய எல்லாத் தளங்களையும் கட்டுப்படுத்துகிறது. பயனரின் வயதை ஆபத்தின் அளவுக்கேற்ற உறுதியோடு கண்டறி. முடியாவிட்டால் அதே காப்புகளை எல்லோருக்கும் கொடு என்பது அதன் நிபந்தனை. பொய்யான பிறந்த ஆண்டின் பயனை இது குறைத்துவிடுகிறது. அந்த அவகாச ஆண்டில் நிகழ்ந்த மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. 16 வயதுக்கு உட்பட்டோரின் டிக்டாக் கணக்குகள் தாமாகவே தனிப்பட்டவையாயின. தம்மைப் பின்தொடராத பதின்வயதினருக்குப் பெரியவர்கள் செய்தி அனுப்புவதை இன்ஸ்டாகிராம் தடுத்தது. பதின்வயதினருக்குத் தானாக அடுத்த காணொளி ஓடுவதை யூடியூப் நிறுத்தி வைத்தது. இவை அனைத்தும் அந்த ஒரு நெறிமுறையால் மட்டும் விளைந்தவை என்று கூற முடியாது. ஆயினும் இவற்றைச் செய்யும் ஆற்றல் நிறுவனங்களுக்கு முன்பே இருந்தது என்பது வெளிப்பட்டது.

2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா தடுத்து, பொறுப்பையும் நிறுவனங்கள் மீதே சுமத்தியிருக்கிறது. அந்தப் பொறுப்பு வரவேற்கத்தக்கது. தடையையும் மீறி உள்ளே இருக்கும் பிள்ளைக்குத் தடை மட்டும் எந்தக் காப்பும் தருவதில்லை.

எல்லோரிடமும் அடையாள ஆவணம் கேட்டால் வயதுப் பொய் தீரும் என்பவர்கள் உண்டு. தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்த நாட்டில், குழந்தையைக் காக்கும் பெயரால் நூறு கோடிப் பேரின் ஆவணங்களை இதே நிறுவனங்களிடம் குவிப்பதை ஏற்க இயலாது. முன்பின் தெரியாதவரின் செய்திகள் அனுமதியின்றி வராமல் எல்லோருக்குமே தடுத்து வைப்பது அதனினும் எளிது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சரிபார்க்கத்தக்க பாதுகாப்போடு தரவைக் கையாளும் தளத்துக்கு, குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டோர் தொடர்பில், முதல் உட்பிரிவு, மூன்றாம் உட்பிரிவு ஆகியவற்றின் கடமைகள் அனைத்திலிருந்துமோ சிலவற்றிலிருந்தோ விலக்கு அளிக்க 9-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பாதுகாப்பு எது என்பதை அந்நியர் செய்தி, இருப்பிடப் பகிர்வு, பரிந்துரை முறை, புகாருக்குப் பதில் தரும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு அரசு வரையறுக்க வேண்டும். அதை நிறைவேற்றும் தளத்துக்குப் பெற்றோர் ஒப்புதலில் மட்டும் விலக்கு அளிக்கலாம். கண்காணிப்புக்கும் குறிவைத்த விளம்பரத்துக்கும் உள்ள தடையில் எவருக்கும் விலக்கு கூடாது.