அடிபட்டவரைத் தூக்கினால் கேஸ் வருமா? சேவ்லைஃப் அமைப்பு பெற்றுத் தந்த பாதுகாப்பு

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். கூட்டம் கூடுகிறது. சிலர் செல்போனில் படம் பிடிக்கிறார்கள், சிலர் உச்சுக் கொட்டுகிறார்கள். "தொடாதீங்க, போலீஸ் வரட்டும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், கை கொடுக்க நினைத்தவரும் பின்வாங்கி விடுவார். இது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கமல்ல. டெல்லியில் நடந்த இத்தகைய ஒரு சம்பவம்தான் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் உருவாகக் காரணம்.

2007ஆம் ஆண்டு டெல்லியில், பள்ளியிலிருந்து வீடு திரும்பிக் கொண்டிருந்த ஒரு மாணவன் மீது வாகனம் மோதியது. அவன் நீண்ட நேரம் உயிரோடுதான் இருந்தான். உதவி கேட்டும் யாரும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவில்லை. ரத்தம் வெளியேறி இறந்து போனான். அவனுடைய நெருங்கிய உறவினரான பியூஷ் திவாரி அப்போது ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்தில் பணியாற்றி வந்தார். 2008இல் அவர் தொடங்கியதே சேவ்லைஃப்.

தொடக்கத்தில் இந்த அமைப்பு, விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வந்து சேரும் போலீசாருக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்தது. ஆனால் போலீஸ் வருவதற்கு முன்பே அங்கு நிற்பவர்கள் பொதுமக்கள்தானே? அவர்கள் ஏன் உதவுவதில்லை என்று 2013இல் ஓர் ஆய்வு நடத்தினார்கள். விபத்தில் சிக்கியவருக்கு உதவ முன்வர மாட்டோம் என்ற நிலையில் இருந்தவர்கள் 74 விழுக்காட்டினர். அவர்களில் 88 விழுக்காட்டினர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணை, கோர்ட்டு அலைச்சல் போன்ற சட்டச் சிக்கல்கள். நம் மக்களுக்கு ஈரம் வற்றிவிட்டது என்று எளிதாகச் சொல்லி விடுகிறோம். இந்தக் கணக்கைப் பார்த்தால் வற்றியது ஈரமல்ல, காவல் நிலையத்தின் மீதும் மருத்துவமனையின் மீதும் இருந்த நம்பிக்கை என்றே சொல்லத் தோன்றுகிறது.

அந்த அச்சத்தைப் போக்கச் சட்டம் வேண்டும் என்று 2012இலேயே சேவ்லைஃப் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்திருந்தது. அதன் விளைவாக 2015 மே மாதம் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. பிறகு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2020இல் அதற்கான விதிகளும் வந்தன.

இன்று சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு உதவி செய்யும்போது தவறு நேர்ந்து, அடிபட்டவருக்குக் காயம் கூடினாலும் அவர் இறந்தே போனாலும் உதவியவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ கிடையாது. பெயர், முகவரி, போன் நம்பர் கொடு என்று போலீசோ மருத்துவமனையோ வற்புறுத்தக் கூடாது, விரும்பினால் கொடுக்கலாம். சேர்த்து விட்டவரிடம் சிகிச்சைக்குப் பணம் கட்டச் சொல்லவோ, அவரை நிறுத்தி வைக்கவோ கூடாது. அவராக விரும்பிச் சாட்சியாக வந்தால் மட்டுமே விசாரணை. அதுவும் அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில். இந்த உரிமைகளை மருத்துவமனை வாசலில் மக்கள் பேசும் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. எத்தனை மருத்துவமனைகளில் அந்தப் பலகை இருக்கிறது? அடுத்த முறை போகும்போது பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

மருத்துவமனையும் கைவிரிக்க முடியாது. "இது போலீஸ் கேஸ், வேறு இடத்துக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பக் கூடாது, உயிரைக் காப்பதே முதல் கடமை என்று 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சேவ்லைஃப் செய்த இன்னொரு முக்கியமான பணி மும்பை-புனே விரைவுச் சாலையில் நடந்தது. சுமார் 95 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் 2016இல் மட்டும் 151 பேர் இறந்தார்கள். மாநில சாலை மேம்பாட்டுக் கழகம், நெடுஞ்சாலைப் போலீஸ் ஆகியவற்றோடு சேர்ந்து ஒவ்வொரு விபத்தையும் தனித்தனியாக ஆராய்ந்தார்கள். ஓட்டுநரின் வேகம் மட்டும் காரணமல்ல; மோதினால் உயிரை வாங்கும் கான்கிரீட் கட்டமைப்புகள், தடுப்பு இல்லாத இடங்கள், ஓரத்தில் நிறுத்தி வைத்த லாரிகள் என்று சாலையின் குறைகளும் தெரிய வந்தன. அவற்றைச் சரிசெய்து கண்காணிப்பையும் கூட்டியதில் சில ஆண்டுகளில் சாவு எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. விதி என்று சொல்லிக் கடந்து போகும் சாவுகளில் எத்தனையோ சாவுகள் தடுக்கக் கூடியவை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம் மாநிலத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். 2022இல் இந்தியாவிலேயே அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அதே ஆண்டில் நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாததால் 50,029 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. ஜும்ஆவுக்கு வரும் நம் இளைஞர்களின் பைக்குகளைப் பாருங்கள். தலையில் தொப்பி இருக்கிறது, ஹெல்மெட் டேங்கின் மேல் இருக்கிறது.

உதவப் போகிறவர் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள்; மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கழுத்தோ முதுகெலும்போ முறிந்திருக்கலாம் என்பதால் கை காலைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் திணிக்க வேண்டாம். 108க்குச் சொல்லிவிட்டு, முடிந்தவரை அசைக்காமல் காத்திருங்கள்.

செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், இணைக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் இது உண்டு. 2025 மே முதல் மத்திய அரசின் திட்டத்தில் 7 நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லாச் சிகிச்சையும் கிடைக்கிறது.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் எதுவும் கிடைக்காது என்று பல குடும்பங்கள் சும்மா இருந்து விடுகின்றன. அப்படியல்ல. 2022 ஏப்ரல் 1 முதல் அத்தகைய விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. வண்டி அடையாளம் தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். அதற்குச் சட்டம் தரும் காலம் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்தான். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம். எஃப்.ஐ.ஆர். நகலையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் முதல் நாளிலிருந்தே பத்திரமாக வைத்திருங்கள்.